கரண்ட் போன பிறகும் கேட்ட இரைச்சல்

“கொரட்டூர்லேர்ந்து குத்தம்பாக்கம் வரிக்கும் எவன் ஊட்டு ஸ்பீக்கர் இரைஞ்சாலும் சரி, நான் இங்க குந்திகினே எந்த ஒயர்ல கோளாறுனு சொல்லுவேன். நம்ம காதாண்ட வந்து ஆஜர் குடுக்காம ஒரு இரைச்சலும் இந்தப் பக்கம் பொறக்க முடியாது, தெரிஞ்சிக்கோ.”

அயனம்பாக்கம் டீக்கடையில் இந்த அறிவிப்பை வெளியிட்டவர் வேம்புலி மைக்செட் உரிமையாளர் வேம்புலி. அரசிதழில் வரவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு குறை கிடையாது. கேட்டவர்கள் யாரும் சிரிக்கவும் இல்லை. ஏனென்றால் அதில் முக்கால்வாசி உண்மை. ஆம்ப்ளிஃபயர் ‘உம்ம்’ என்றால் எர்த் விட்டுப்போயிருக்கிறது; ‘கரகர’ என்றால் வால்யூம் திருகில் தூசி; ‘டப் டப்’ என்றால் எவனோ மைக்கைத் தட்டுகிறான். கடைசி வகைக்கு வைத்தியம் மைக்கில் இல்லை, தட்டுகிறவன் முதுகில் இருக்கிறது என்பார்.

அவருடைய தொழில்முறையே தனி. ஆடி மாதம் கூழ் ஊற்றும் கோயில்களில் குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்தில் ஏற்றிக் கட்டுவதற்கு முன், அதைத் தரையில் வைத்து, பாட்டைப் போட்டு, தலையைக் குழாயின் வாய்க்குள் விட்டுச் சோதிப்பார். டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி. டாக்டர் பார்க்கும்போது தொண்டை முழு வால்யூமில் பாடாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். தூர நின்று கேட்டுவிட்டுத் தலையாட்டும் மற்ற மைக்செட்காரர்களை அவர் கோழைகள் என்றே கருதினார். மீசை முளைத்த காலத்திலிருந்து அது நரைக்கத் தொடங்கிய காலம் வரை எந்தக் குழாயும் அவர் தலை நுழையாமல் மரம் ஏறியதில்லை.

சமீப காலமாக அவருக்கு ஒரு விசனம் இருந்தது. ஏரிக்கரையில் சில்வண்டுகள் கத்துவதில்லை. “பிளாட்டு போடறேன்னு மண்ண கொட்டிக் கொட்டி, சில்வண்டையெல்லாம் தொரத்திட்டானுங்கப்பா” என்று மனை வியாபாரிகளை வாய்க்கு வந்தபடி ஏசுவார். அவர் மனைவி தாயம்மா இதைக் கேட்கும்போதெல்லாம் அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விடுவாள்.

இப்படி இருக்கையில், 1997-ல், ஆடி பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்னால், அயனம்பாக்கத்துக்குள் ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவன் கங்காதரன். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை சூப்பர்வைசர். சாயங்காலத்தில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. ஏதோ ஆபீசில் தள்ளிவிட்ட கம்ப்யூட்டரை வாங்கி, கீபோர்டை அதோடு இணைத்து, அம்மன் பாட்டு கேசட் ஒன்றை வீட்டிலேயே பதிவு செய்யத் திட்டமிட்டான். இவன் வாசிப்பதைக் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்துக்கொண்டு திருப்பி வாசிக்கும். அதற்கு மேல் அந்தக் குழுவின் பாடகன் மணவாளன் பாடுவான். எல்லாச் சத்தமும் ஒரு மிக்ஸரில் போய்க் கலந்து டேப்பில் இறங்கும். இறங்கியது. ஆனால் அம்மனுக்கு முன்னால் ஒரு இரைச்சலும் இறங்கியது.

வேம்புலிக்கு ஆள் போயிற்று. டிவிஎஸ் வண்டியில் சாமான் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பிரசவம் பார்க்க வந்த பெரிய டாக்டர் மாதிரி இறங்கினார். பதிவு அறையில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சத்தம் வரக்கூடாது என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள். மணவாளன் வியர்வை வழிய நின்றான். மிக்ஸரில் கலக்கும் சத்தம் ஒரு சின்ன ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் கேட்கும். ஹெட்போனை ஒரு காதில் வைத்தார் வேம்புலி. அடுத்த கணமே எடுத்துவிட்டார்.

“கம்பூட்டர் ஒரு போர்டுல, மிக்ஸர் இன்னொரு போர்டுல சொருகிகீற. ரெண்டு எர்த்தும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடுது. உம்ம்முனு ஒரு மொனகல், அதானே?”

“அதேதான் அண்ணே!”

எல்லா பிளக்கையும் ஒரே போர்டில் கொண்டுவந்து சொருகினார். முனகல் நின்றது. மணவாளன் கைதட்டினான். கங்காதரனின் மனைவி பூங்காவனம் டீ கொண்டுவந்தாள். வேம்புலி டம்ளரை வாங்கி, ஒரு வாய் குடித்து, இந்தக் கம்ப்யூட்டர் என்பது பெரிய விஷயமில்லை என்று பேசத் தொடங்கினார். தொடங்கியதோடு நிறுத்தவேண்டியிருந்தது.

“அண்ணா, அந்த மொனகல் போச்சி. ஆனா ‘கீ...ய்ங்’னு மெல்லிசா ஒண்ணு கத்துதே, அது?” என்றாள் பூங்காவனம்.

“ஆமா மாமே, மவுஸை நகுத்தினா கூடவே அதுவும் இழுத்துகினு போவுது பாரு” என்றான் மணவாளன்.

வேம்புலி மீண்டும் ஹெட்போனை மாட்டினார். கோயில் கர்ப்பக்கிருகம் மாதிரி அமைதி. இன்னொரு காதுக்கு மாற்றினார். அங்கேயும் அதே அமைதி. டீ வாய்க்குள்ளேயே ஆறியது. ‘எனக்குக் கேட்கவில்லை’ என்பது இரண்டே வார்த்தை. ஆனால் டீக்கடையில் வெளியிட்ட அறிவிப்பு அந்த இரண்டு வார்த்தையின் மேல் குழாய் ஸ்பீக்கர் மாதிரி ஏறி உட்கார்ந்திருந்தது.

“அதானே பாத்தேன்! நான் சொல்றதுக்குள்ள நீங்களே சொல்ட்டீங்க” என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது தொழில் அல்ல, முகம் பார்த்துச் சொல்லும் ஜோசியம். ஒரு ஒயரைக் கழற்றுவார், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். நெற்றிச் சுருக்கம் போனால் இரைச்சல் போய்விட்டது என்று அறிவிப்பார். முறை நல்ல முறைதான், முகங்கள் ஒத்துழைக்கவில்லை. கங்காதரன் லேத் பட்டறையில் வருஷக்கணக்காக நின்றவன். கல்யாண போட்டோவிலேயே நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருப்பவன். மணவாளன் பாடகன், சத்தம் எது வந்தாலும் கண்ணை மூடிக்கொள்வான். நம்பத்தக்க முகம் பூங்காவனத்தினுடையது ஒன்றுதான். அதுவும் குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சமையலறைக்கு எழுந்து போய்விட்டது.

முகம் இல்லாத நிலையில், வேம்புலி ஹெட்போனை இரண்டு காதுக்கும் இறுக்கி மாட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்தார். நுழைந்து, மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டார். ஆராய்ச்சியில் இருக்கும் ஆளை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

அப்போது மின்சாரம் போயிற்று.

மானிட்டர் அணைந்தது. கம்ப்யூட்டரின் மூச்சு நின்றது. மிக்ஸரின் சிவப்பு விளக்கு செத்தது. ஜன்னல் இடுக்கில் வந்த வெளிச்சத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஜைக்கு அடியிலிருந்து தெளிவான குரல் வந்தது:

“கீது... கீது... இன்னும் இரைஞ்சிகினு கீது. ஆனா முன்னிக்கி இப்ப கொஞ்சம் கொறஞ்சிகீது. புட்சிட்டேன்னு வெச்சிக்கயேன்.”

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் ஹெட்போனையும் தாண்டி உள்ளே போயிருக்கவேண்டும். வேம்புலி கண்ணைத் திறந்தார். தலைக்கு மேலே மேஜையின் அடிப்பலகை. பக்கத்தில் மூன்று ஜோடிக் கால்கள், அசையாமல். பூங்காவனமும் வந்திருந்தாள்.

ஊர்ந்து வெளியே வந்தார். மணவாளன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான், தோள் குலுங்கியது. கங்காதரன், நல்லவன், அவசரமாகக் குனிந்து ஒரு பிளக்கைத் தடவியபடி, “ஹெட்போனுல கரண்டு கொஞ்ச நேரம் நிக்குமோ இன்னாவோ, இல்லண்ணே?” என்றான்.

“நிக்கும். நிக்கும்” என்றார் வேம்புலி. “சில கம்பெனி ஹெட்போன்ல நிக்கும்.”

ஒருவன் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய்யை மெய்யென்று வழிமொழிவதில் உள்ள கூச்சம் வேறு எதிலும் இல்லை. சாமான் பையை எடுக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. அதைக் கங்காதரன் எடுத்துக் கொடுத்தான். வேம்புலி அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். அதுவரை முகங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஆள்.

மணவாளன் பாடகன் மட்டுமல்ல, நல்ல ஒலிபரப்பாளனும்கூட. மறுநாள் டீக்கடையில் கரண்ட் போனபோது, உள்ளே இருந்து ஒருவன் கேட்டான்: “அண்ணாத்தே, இன்னும் இரையுதா?” கடை முழுக்கச் சிரித்தது. வேம்புலியும் சிரித்தார், சிரிக்காவிட்டால் உண்மையாகிவிடும். அந்த வாரம் முழுக்க மின்வாரியம் ஊருக்கு ஓயாமல் நகைச்சுவை வழங்கியது. அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். வண்டியை ஏரிக்கரைப் பக்கமாகவே சுற்றி ஓட்டினார்.

ஒரு சாயங்காலம் வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் தாயம்மா சொம்புத் தண்ணீரை வைத்தாள்.

“இன்னா, நாலஞ்சி நாளா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற?”

“ஒண்ணியும் இல்ல. இந்த ஊரே மாறிப்போச்சி. ஒரு சில்வண்டு சத்தங்கூட கெடையாது.”

தாயம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏரிப் பக்கம் கையைக் காட்டினாள்.

“யோவ். அது இப்பவும் கத்திகினுதான் கீது. காது கிழியுது எனக்கு. மூணு நாலு வருஷமாவே உனக்கு கேக்கல. குழாய்க்குள்ள தலைய வுடாத, வுடாதனு சொன்னா கேட்டியா?”

“தெரிஞ்சி ஏன் சொல்லல?”

“எப்டிய்யா சொல்றது? ஊரெல்லாம் காது காதுனு பேசிகினு திரியற. அத்த வெச்சித்தான் நீ நிமிந்து நடக்கற.”

வேம்புலி ஏரியைப் பார்த்தார். புதர்களுக்குள் ஆயிரம் வண்டுகள் கத்திக்கொண்டிருக்கின்றன. மனைவியின் முகத்தில் அது தெரிந்தது. தான் ஏசிய மனை வியாபாரிகள் ஒவ்வொருவராக மனதில் வந்துபோனார்கள். அவர்களிடம்கூட மன்னிப்புக் கேட்கலாம் போலிருந்தது. ஆனால் அவமானத்தின் பெரும்பகுதி அவர்களிடம் இல்லை. கங்காதரன் இன்னமும் இரைச்சலோடு உட்கார்ந்திருக்கிறான், ஆடி வந்துகொண்டிருக்கிறது, காது கேட்கும் வேறு மைக்செட்காரனை அவன் இன்னும் கூப்பிடவில்லை. அதுதான் அதிகம் சுட்டது. மரியாதைக்காகக் காத்திருக்கிறான். இல்லாத காதுக்குக் கொடுக்கும் மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் கூப்பிடாமலே, வேம்புலி கங்காதரன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பையில், செத்துப்போன பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. உள்ளே மணவாளன் ஒத்திகையில் இருந்தான். இவரைப் பார்த்ததும் வாயைத் திறந்தான்.

“மாமே, கரண்டு கீது, பயப்படாத...”

வேம்புலி அவனைத் தாண்டிப் போய்த் தரையில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“பூங்காவனம், அந்த ஸ்டூல போட்டுகினு இங்க குந்தும்மா. த பாரு, அந்தச் சத்தம் எனக்கு கேக்கல. அன்னிக்கும் கேக்கல. கேட்டாமேரி நடிச்சேன். நீ கைய தூக்கி வெச்சிக்க. சத்தம் நின்னா எறக்கு. கொறஞ்சா பாதி எறக்கு. அத்த பாத்து நான் வேலைய செஞ்சிடுவேன்.”

மணவாளன் திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் மூடினான். ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லித் தீர்த்த செய்தியை, உரியவரே வந்து சொல்லிவிட்டால் ஒலிபரப்பாளனுக்கு வேலை இல்லை.

பூங்காவனம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, கையைத் தூக்கினாள்.

கீபோர்டு ஒயரைக் கழற்றினார். கை அசையவில்லை. மைக் ஒயரைக் கழற்றினார். அசையவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து மிக்ஸருக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றினார். கை சட்டென்று இறங்கியது. திரும்பச் சொருகினார், ஏறியது. அந்த ஒயர் வழியாகத்தான் கம்ப்யூட்டரின் உள்சத்தமெல்லாம் மிக்ஸருக்குள் குடிவந்துகொண்டிருந்தது. அதை நடுவில் வெட்டி, டிரான்ஸ்ஃபார்மரை வைத்துப் பற்றவைத்தார். பாட்டு மட்டும் அதைத் தாண்டிப் போகும், எர்த் போகாது. பூங்காவனத்தின் கை தோள் உயரத்துக்கு வந்து நின்றது.

“கொஞ்சூண்டு கீதுண்ணா.”

மானிட்டருக்குப் பின்னால் சுருட்டிப் போட்டிருந்த ஒயரை எடுத்துச் சுவரோரமாக இழுத்துவிட்டார். கண் அவள் கையிலேயே இருந்தது. கை மெதுவாக இறங்கி மடியில் அமர்ந்தது.

அறையில் யாரும் கைதட்டவில்லை. கங்காதரன் மவுஸை அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தான்.

“போச்சாம்மா?” என்றார் வேம்புலி.

“சுத்தமா போச்சிண்ணா.”

அவர் ஹெட்போனை எடுத்தார். தன் காதருகே கொண்டுபோகாமல் கங்காதரனிடம் நீட்டினார்.

“நீயும் ஒருவாட்டி கேட்டு சொல்லுப்பா.”