அம்மாவின் இருமல்

பால்கோவா பதத்துக்கு வரும்போது சட்டியின் சத்தம் மாறும்; சளசளவென்று கிடந்த பால் தொப்தொப்பென்று பேசத் தொடங்கும், கிண்டும் துடுப்பும் கனக்கும். வாசனை எப்படி இருக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். பிறந்ததிலிருந்தே மல்லிகையும் மண்ணெண்ணெயும் என் மூக்குக்கு ஒன்றுதான். எழுதப் படிக்கவும் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவள் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அப்பா பால்கோவா கிண்டுவார். அம்மா அந்தப் புகையிலேயே வாசல்படியில் உட்கார்ந்திருந்து இரண்டு தரம் இருமுவாள். உடனே அப்பா சட்டியை இறக்கிவிடுவார். "அவிய மூக்கு மாதிரி வராது" என்று அப்பாவை ஊரே மெச்சும். அம்மா சிரிப்பாள். அவளுக்குத் தெத்துப்பல், எனக்கும் அதே பல்.

ஒருநாள் என்னைக் கிண்டச் சொல்லிவிட்டு இருவரும் துக்க வீட்டுக்குப் போனார்கள். பால் தீய்ந்தது, எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்த அப்பா துடுப்பாலேயே அடித்தார். "ராஜபாளையத்து நாய்க்கு இருக்க மூக்குகூட ஒனக்கு இல்லையேட்டி" என்று சொல்லி, அந்த ராஜபாளையத்துக்கே என்னை அனுப்பினார், பேண்டேஜ் துணி வெளுக்கும் அத்தை வீட்டுக்கு. மூக்கில்லாதவளை "பிளீச்சிங் நெடி" ஒன்றும் செய்யாதாம். கண்ணும் நெஞ்சும் எரிந்ததை யாரும் கேட்கவில்லை.

அத்தை புதுப்பெண்ணாக வந்தபோது அடுத்த தெருவில் கொதிக்கும் குழம்பைச் சொல்லிவிடுவாளாம். பிளீச்சிங் தொட்டியோரம் நின்று நின்றே அந்த மூக்கு செத்துப்போனது. "கருவாடு கெட்டுப்போச்சா, மோந்து பாருட்டி" என்று என்னிடம் நீட்டுவாள். "நல்ல ஆளுட்ட கேக்கிய" என்பேன். இருவரும் சிரித்துவிட்டு அதையே தின்போம்.

அம்மா இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அப்பா அடுப்பு மூட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் கிண்டிக்கொண்டே ஆளில்லாத வாசல்படியைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினார். தெருவிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "அண்ணாச்சி, தெரு பூரா தீஞ்ச வாடை அடிக்கி, உள்ள என்ன செய்தீய?"

அப்பா என்னை முறைத்தார். "பக்கத்துலதான நின்ன. நீயாவது இருமக்கூடாதாட்டி?"

அவருக்கும் வாசனை தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன்னிடமிருந்து எனக்கு வந்த குறைக்குத்தான், தெரிந்தே, என்னை அடித்திருக்கிறார்.

இன்று அந்தச் சட்டி இல்லை, அப்பாவும் இல்லை. பின்கட்டை இடித்து செல்போன் கடை கட்டிவிட்டார்கள். போன மாதம் கேஸ் கசிவது தெரியாமல் இந்தப் பேத்தி அடுப்படியில் நின்றிருந்தாள். மதுரையில் டாக்டரம்மா, இது இவளுக்குப் பிறவியிலேயே வந்தது என்று சொல்லிவிட்டு, "குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார்.

"எங்க அம்மாவுக்கு" என்றாள் என் மகள்.

"எங்க அப்பாவுக்கும்" என்றேன். வாய்விட்டு அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

மகள் திரும்பிப் பார்த்தாள். "தாத்தாவுக்கா? அவிய மூக்கப் பத்தி ஊரே பேசுமேம்மா."

"அது எங்க அம்மா மூக்குல்லா" என்றேன்.