மூன்றாம் பாகம் வெளியே போயிருக்கிறது

1. எண் சொல்லிக் கேட்டவள்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கிளை நூலகத்துக்கு மாற்றலாகிப் போன முதல் நாளே எஸ்தரைப் பார்த்தேன். நடவு வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். குழாயடியில் காலைக் கழுவிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இருநூத்தி எழுபது எந்த ரேக்குல கீது மேடம்?" என்றாள்.

270 என்பது எங்கள் வகைப்பாட்டில் கிறிஸ்தவ சபை வரலாறு. வாசகர்கள் புத்தகத்தின் பெயர் சொல்வார்கள், இல்லாவிட்டால் அட்டையின் நிறம் சொல்வார்கள். எண் சொல்லிக் கேட்டவர் என் சர்வீஸில் அவள் ஒருத்திதான். அடுத்து 930, பண்டைய வரலாறு. எகிப்து, பாபிலோன், ரோம் என்று ஒன்று விடமாட்டாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா படிக்கிறே?" என்று கேட்டேன்.

"பைபிள் முடிஞ்சதுக்கும் அது எங்க ஊருக்கு வந்ததுக்கும் நடுவுல எவ்ளோ வருஷம் கீது! நடுவுல இன்னா நடந்துச்சுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க மேடம்."

அவளுக்கு உட்கார்ந்து படிக்க வராது. ரேக்குக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே படிப்பாள். திடீரென்று என் மேஜைக்கு வந்து, "ரோமுல கல்லுப் பாலம் கட்டி, அதும் மேல தண்ணியக் கொண்டாந்திருக்கானுங்க. நம்ம ஏரிக் கால்வாயத் தூர் வார ஆளில்ல" என்பாள். பதிலுக்குக் காத்திராமல் போய்விடுவாள்.

2. மூப்பர் வந்தார்

சபை வரலாறு ஒன்று மூன்று பாகமாக இருந்தது. இரண்டை முடித்துவிட்டாள். மூன்றாவது எங்களிடம் இல்லை. மாவட்ட மைய நூலகத்துக்கு எழுதி வரவழைத்தேன். அது வந்து சேர்ந்த அன்றே, அவள் போகும் சபையின் மூப்பரும் வந்தார்.

"இன்னா புக்குமா குடுக்கறீங்க அந்த எஸ்தருக்கு? ஆதி காலத்துல பிஷப்பயே ஜனங்கதான் கூடி எடுத்தாங்களாம். உத்திரமேரூர் கல்வெட்டுலகூட குடவோலை போட்டு ஆள எடுத்தது கீதாம். இங்க மட்டும் ஏன் ஒரே குடும்பம் கமிட்டில கீதுன்னு கூட்டத்துல எழுந்து கேக்குது. இனிமே அந்த மாதிரி புக்கு குடுக்காதீங்க. இந்தக் கட்டடம் எங்க சித்தப்பாவோடது, பாத்துக்கங்க."

வாடகைக் கட்டடம். எனக்கு ஓய்வு பெற நான்கு வருஷம் இருந்தது. மூன்றாம் பாகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

சனிக்கிழமை எஸ்தர் வந்தாள். "வெளியே போயிருக்கு" என்றேன். அடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னேன். அப்புறம் சனிக்கிழமை என்றாலே எனக்கு வேலை ஓடாது. கேட் சத்தம் கேட்டால் எழுந்துகொள்வேன். அடுக்கிய புத்தகத்தையே கலைத்து மறுபடி அடுக்குவேன். எட்டு வாரம் இப்படிப் போனது.

ஒன்பதாவது வாரம் அவள் கேட்டாள்: "எடுத்துக்கினு போனவங்க வூடு எங்கன்னு சொல்லுங்க மேடம். நான் போய்க் கேக்குறேன். தரலன்னாலும் அவங்க வாசல்லயே நின்னு படிச்சிட்டு வந்துர்றேன்."

என்னால் முடியவில்லை. பீரோவைத் திறந்து புத்தகத்தை மேஜையில் வைத்தேன். மூப்பர் வந்ததைச் சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. புத்தகத்தைத் திறந்து தேதிச் சீட்டைப் பார்த்தாள். யாரும் எடுத்துப் போனதற்கான முத்திரை ஒன்றும் அதில் இல்லை.

"அவரு சொல்லுவாரு மேடம். அவரு மேல எனுக்குக் கோவமில்ல, அவரு ஒரு புக்கும் படிச்சதில்ல. நீங்க தினம் இத்தினி புக்குக்குள்ள குந்திக்கினு கீறீங்களே."

சீட்டில் தேதி குத்தி அவளிடம் கொடுத்தேன்.

3. பிறகு

மூப்பர் மறுபடி வந்தார். "எழுதிக் குடுங்க சார், மேலே அனுப்பறேன்" என்றேன். அவர் எழுதவில்லை. இரண்டு மாதத்தில் கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பழைய சத்துணவுக் கூடம் ஒன்று கிடைத்தது. மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும். இடம் மாற்றிய இரண்டு நாளும் எஸ்தர் வேலைக்குப் போகாமல் வந்து, புத்தகக் கட்டுகளைத் தலையில் வைத்துச் சுமந்தாள். என்னைவிடச் சரியாக 270ஐயும் 930ஐயும் பிரித்து அடுக்கினாள்.

அதனால் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் எகிப்தைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கேட்டாள். நிஜமாகவே அது இல்லை. வேறொருவர் எடுத்துப் போயிருந்தார். "இல்லம்மா" என்றேன். தலையாட்டினாள். பிறகு ரேக் ரேக்காகத் தேடினாள். கடைசியில் என் மேஜைக்கு எதிரே வந்து நின்று, "பீரோவ ஒரு தபா தொறங்க மேடம்" என்றாள். திறந்து காட்டினேன். நான் ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு முறையும் திறந்து காட்டினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நாம் 'இல்லை' என்றால் வாசகர் திரும்பிப் போய்விடுவார். நம்மை நம்பித்தான் போகிறார்.