கவிழ்ந்து படுத்த அக்காவுக்கு ஒரு சிடி

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் வேலை. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'பரபரப்பு'. செருப்பு வாங்கப் போனால் கடையையே தலைகீழாக்குவான். வாங்கி வந்த பிறகும், அந்த இன்னொன்றை எடுத்திருக்கலாமோ என்று மருகுவான்.

அவனுடைய அக்கா பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுப்பவள். கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து, முகத்தைக் கவிழ்த்தே படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாடக நாளோ நெருங்கிவிட்டது. பிள்ளைகள் ஒத்திகையைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். போனைப் பார்க்காமல் நிறுத்தி நிறுத்திக் கேட்க அவளால் முடியவில்லை. கட்டிலருகே இருந்த பழைய சிடி பிளேயரில் பொத்தான்களைத் தடவியே கண்டுபிடிக்கலாம்.

"சாயங்காலத்துக்குள்ள சிடியில போட்டுக் கொண்டு வாடா."

அவன் கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். சிடி எழுதும் மென்பொருள் எதுவும் அதில் இல்லை. தேடினால் மூன்று கிடைத்தன. ஒன்றில் மெனுக்கள் கொட்டிக் கிடந்தன. இன்னொன்றில் நாலைந்து பொத்தான்கள்தான். மூன்றாவதில் எல்லாவற்றையும் கட்டளையாகத் தட்ட வேண்டும். எது நல்லது என்று இணையத்தில் ஆளாளுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றை நிறுவினான், நீக்கினான், மறுபடி நிறுவினான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கம்ப்யூட்டருக்கு மாப்பிள்ளையா பாக்கறீங்க? ஏதாவது ஒண்ணை முடிங்க."

முடித்தான். பஸ் பிடித்து ஓடினான். அக்கா பொத்தானை அழுத்தினாள். தட்டு சுழன்றது. சத்தமே இல்லை.

"என்னடா இது, ஊமைப்படமா?"

அவன் முகம் செத்துப்போயிற்று. "மென்பொருள் சரியில்லக்கா. அந்த இன்னொண்ணைத்தான் எடுத்திருக்கணும்."

வீட்டுக்கு வந்து இரண்டாவதை நிறுவித் திறந்தான். தோளுக்குப் பின்னால் நின்ற மனைவி திரையைக் காட்டினாள்.

"இங்க ஆடியோ சிடின்னு ஒண்ணு இருக்கே, அது என்ன?"

அவனுக்குச் சுருக்கென்றது. பதிவுகளை வெறும் ஃபைல்களாகவே தட்டில் ஏற்றியிருக்கிறான். அந்தப் பழைய பிளேயருக்கு அது புரியாது. முதலில் பயன்படுத்திய மென்பொருளைத் திறந்து பார்த்தான். அதிலும் அதே வார்த்தை, முதல் பக்கத்திலேயே. காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண்.

ஆடியோ சிடியாக எழுதிக்கொண்டு இரண்டாம் முறை அவன் போனபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கா அழுத்தினாள். பிள்ளைகளின் குரல் அறையை நிறைத்தது. ஓரிடத்தில் நிறுத்தி, திரும்பக் கேட்டாள்.

"ராஜா வேஷம் போடற இந்தப் பையன் உன்னை மாதிரியேடா. மூச்சு விடாம பேசறான். ஒவ்வொரு வரிக்கும் நடுவுல நிறுத்திப் பேசச் சொல்லணும்."

அவள் சொல்லச் சொல்ல, பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக அவன் போனில் பதிவு செய்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"காலை ஆட்டாதடா. கட்டிலே அதிருது."

அவன் முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்த காட்சியைக் கேட்டான்.