கலியபெருமாளுக்கு ஒதுக்கிய கடற்கரை வீடு

உயிரோடுதான் இருக்கிறேன் என்று நிரூபிக்கப் போன வாரம் பெரம்பலூர் பேங்குக்குப் போயிருந்தேன். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சடங்கு உண்டு. அங்கிருந்த சின்ன மிஷினில் என் கைரேகை விழவே மாட்டேன் என்றது. வலது கை, இடது கை, புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வலது கை. கவுன்ட்டர் பெண்ணுக்கே அலுத்துவிட்டது. "என்ன வேலைம்மா பாத்தீங்க, ரேகையே இல்லியே?" என்றாள். டைப்பிஸ்ட் என்றேன். அவளுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் விளக்கத் தெம்பில்லை. கடைசியில் சுண்டு விரல்தான் கைகொடுத்தது.

பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தபோது அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவற்றால் எத்தனையோ ஆயிரம் கடிதம் அடித்திருப்பேன். ஒரே ஒரு கடிதம்தான் வரி வரியாக நினைவில் நிற்கிறது.

எழுபதுகளின் கடைசி. எல்லாமே திருச்சி ஜில்லாவாக இருந்த காலம். பெரம்பலூரிலிருந்து தினமும் அரியலூருக்கு பஸ்ஸில் போய் வந்தேன். சுண்ணாம்புக்கல் வெட்டி அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவத்தில் வெள்ளைப் புழுதி படிந்திருக்கும். இருபத்துநாலு வயதில் எனக்கு நரை எப்படி இருக்கும் என்று அப்போதே பார்த்துவிட்டேன். பேப்பர் பறக்காமல் இருக்க என் மேஜைமேல் கல்லாகிப்போன ஒரு கடல்நத்தை வைத்திருந்தேன், கல் வெட்டும் பள்ளத்தில் கிடைத்தது. எங்கள் பக்கம் முன்னொரு காலத்தில் கடலாக இருந்ததாம். எனக்காகக் காத்திருக்காமல் போய்விட்டது. அந்த வயதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு கடற்கரை வீட்டைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். தரங்கம்பாடிக்குத் தெற்கே கம்பெனிக்கு ஒரு பழைய வீடு இருந்தது. அதன் ஃபைல் என் பொறுப்பு. உப்பு இலாகாவில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் கட்டியது. அவர் கப்பலேறியதும் காரைக்கால் வியாபாரி ஒருவர் வாங்கினார். பிறகு எங்கள் பெரிய முதலாளி, இளைப்பு நோய்க்காரியான மனைவிக்குக் கடற்காற்று நல்லது என்று வாங்கினார். அந்த அம்மாள் இரண்டு கோடைக்குமேல் இருக்கவில்லை. அதன்பின் முதலாளி அங்கே போகப் பிடிக்காமல் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார். பத்திரத்தின் நகலை நான்தான் அடித்தேன். மூன்று அறை, நாட்டு ஓடு, கடலைப் பார்த்த வராந்தா, பின்னால் சவுக்குத் தோப்பு. மதியத்தில் கண் செருகும்போது அந்த வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன், மனசால்தான்.

ஆபீசர்கள் குடும்பத்தோடு போய் மூன்று நாள் தங்குவதற்கென்று இருந்தது அந்த வீடு. சங்கத்துக்காரர்கள் ஒப்பந்தம் பேசியபோது 'தொழிலாளர்களும் விண்ணப்பிக்கலாம்' என்று ஒரு வரி சேர்க்க வைத்தார்கள். விண்ணப்பிக்கலாம் என்றுதான் இருந்தது, கிடைக்கும் என்று இல்லை. அந்த வரியை நம்பி விண்ணப்பித்த ஒரே ஆள் கலியபெருமாள்.

அவர் குன்னத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். கல் உடைக்கும் மிஷினில் வேலை. முதல் விண்ணப்பத்தை மேனேஜரிடம் கொண்டுபோனபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரிப்பேர்னு அடிச்சிடுங்க" என்றார். மேனேஜர் ஆந்திரா பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. 'மராமத்துப் பணி நடைபெறுவதால் தங்களுக்கு வீடு ஒதுக்க இயலாது' என்று அடித்தேன். ஆறு மாதம் கழித்து இரண்டாவது விண்ணப்பம், அதே பதில். மூன்றாவது, நான்காவது. மராமத்து எதுவும் நடக்கவில்லை என்று ஃபைல் வைத்திருந்த எனக்குத் தெரியும்.

நான்காவது கடிதம் போன மறுநாள் கலியபெருமாளின் மனைவி அஞ்சலை ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். பள்ளத்தில் கல் சுமந்து சுமந்து இடுப்பு விட்டுப்போய், வேலையிலிருந்து நின்றவள். நாற்பது இருக்கும், பார்த்தால் அறுபது.

"கடல் பாக்கணும்னு ரொம்ப ஆசையா?" என்று கேட்டேன்.

"கடலு கெடக்குதுங்க. எனக்கு ஒரு நாளு ஒண்ணும் செய்யாம ஒக்காந்திருக்கணும். எங்க வூட்ல ஒக்காந்தா ஏதாச்சும் ஒண்ணு எழுப்பி வுட்டுடும். அது யாரோ வூடு பாருங்க. அங்க எனக்கு என்னா வேல இருக்கப்போவுது?"

ஐந்தாவது விண்ணப்பம் வந்தபோது மேனேஜர் அதே இரண்டு வார்த்தையைத்தான் சொன்னார். நான் மிஷினில் தாளைச் சொருகினேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள், அலுப்பு. அதே பொய்யை ஐந்தாவது தடவை அடிக்க விரல் வரவில்லை. 'தங்களுக்கு மூன்று நாட்களுக்கு வீடு ஒதுக்கப்படுகிறது' என்று அடித்து, மற்ற கடிதங்களுக்கு நடுவில் வைத்தேன். மேனேஜர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார்.

கும்பகோணம், மாயவரம் என்று பஸ் மாறி அவர்கள் போய் வந்தார்கள். வந்ததும் கலியபெருமாள் ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்து என் மேஜையடியில் வைத்துவிட்டார். ஆபீஸே நாறியது. கார்பன் தாளில்கூட அந்த வாடை ஏறிவிட்டது. இன்றைக்கும் எங்காவது கருவாடு வறுத்தால் எனக்கு அந்த ஆபீஸ் ஞாபகம்தான் வரும்.

"வீடு எப்படி இருந்துச்சுங்க?" என்றேன்.

அவரோடு வந்திருந்த அஞ்சலைதான் பதில் சொன்னாள். "பாதி ஓடு இல்லீங்க. உள்ள முழங்கா ஒசரத்துக்கு மணலு. ரெண்டு வருசமா யாரும் வரலியாம். ரெண்டு நாளு பெருக்கி வாரிக் கொட்னோம். காவக்காரரு பாவம், வயசானவரு, ஒத்த ஆளா என்னா செய்வாரு?"

ஆபீசர்கள் லீவுக்குக் கொடைக்கானல் போக ஆரம்பித்து வெகுநாள் ஆகியிருந்தது. நான் நாலு தடவை அடித்த பொய்யில் பாதி உண்மைதான். வீட்டுக்கு மராமத்து தேவையாகத்தான் இருந்திருக்கிறது.

"அப்ப உக்காரவே இல்லியா?"

"மூணாம் நாளு காலையில ஒக்காந்தேங்க, வராந்தாவுல. சத்தம் நல்லாருந்துச்சு. அப்படியே தூங்கிப்புட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இவருதான் எழுப்புனாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

பத்து நாள் கழித்துக் காவல்காரரிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. தமிழில் இருந்ததால் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். 'கம்பெனியிலிருந்து வந்த கலியபெருமாள் குடும்பத்தார் வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்துப் போனார்கள். மழைக்கு முன் ஓடு அனுப்பி வைத்தால் வீடு பிழைக்கும்.'

வேறு ஏதாவது வாசித்திருக்கலாம். தப்பித்திருப்பேன். ஆனால் அந்த மனிதருக்கு ஓடு வேண்டியிருந்தது. இருந்ததை இருந்தபடியே வாசித்தேன்.

மேனேஜர் பேனா மூடியைத் திருகினார். "நான் கையெழுத்துப் போட்டேனா?"

"போட்டீங்க சார்."

அவர் கத்தவில்லை. கையெழுத்து அவருடையதாக இருந்ததால் கலியபெருமாளை ஒன்றும் செய்யவும் முடியவில்லை. மறுவாரம் என்னை லாரி எடை போடும் தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே ஒன்பது வருஷம். கோடையில் தகரத்துக்கடியில் டைப் மிஷின் தொட்டால் சுடும். வருத்தப்பட்டேனா என்றால், பட்டேன். நல்லது செய்தோம் என்ற நினைப்பு வெயிலுக்கு நிழல் தராது. ஓடும் அனுப்பவில்லை.

கம்பெனி மூடிவிட்டது. கல் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. அஞ்சலை அந்த வீட்டுக்குப் போய் வந்த நாலாம் வருஷம் தவறிப்போனாள். கலியபெருமாள் மகளோடு திருப்பூர் போனார் என்று கேள்வி. என் தமிழ் டைப் மிஷினைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் மகள் என்னைக் காரில் அந்தக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். சவுக்குத் தோப்பும் இல்லை, வீடும் இல்லை. மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவள் கையை நீட்டினாள். "அந்தா, அலை ஒடையுது பாருங்க, அங்கதான் வாசப்படி இருந்துச்சு. நாங்க சின்னப் புள்ளையில ஏறி வெளையாடுவோம்."

முழங்கால் வலி; மணலில் அதற்குமேல் நடக்க முடியவில்லை. மகள் என்னை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தாள். படத்தில் நான் இருக்கிறேன். பின்னால் தண்ணீர்தான்.