கனகலட்சுமியின் வலது கால்

கனகலட்சுமி பிறக்கும்போது தலை வரவில்லை. கால்தான் முதலில் வந்தது. பிள்ளை வீறிட்டு அழுவதற்கு முன்பே அந்தச் செய்தி எழுமலையில் தெரு தாண்டிப் போய்விட்டது. காலால் பிறந்த பிள்ளை முதுகில் மிதித்தால் எப்பேர்ப்பட்ட இடுப்புப் பிடிப்பும் விட்டுப் போகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நடை பழகுகிற வயதிலேயே அவளைத் தூக்கி ஆட்களின் முதுகில் நிறுத்திவிட்டார்கள்.

"எம்மக பாதம் பட்டு எந்திரிக்காத ஆளு இந்தச் சீமையில உண்டா? கட்டில்ல போட்டுத் தூக்கியாந்தாய்ங்க. போகும்போது கட்டிலத் தூக்கிட்டுப் போனான்!" என்று அவள் அம்மா மாயக்காள் இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்வாள்.

மிதிப்பதற்கு ஒரு முறை உண்டு. வீட்டில் காலால் பிறந்தவள் இருக்க, அடுத்த வீட்டுக் காலுக்கு முதுகைக் கொடுக்கக் கூடாது. மிதித்தவள் தன் வாயால் 'போ' என்று சொல்லும்வரை மிதிபட்டவர் பாரம் தூக்கக் கூடாது, வேலையில் இறங்கக் கூடாது. ஆனால் அறுப்பு நேரத்தில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? பிள்ளை கையில் ஒரு கடலை மிட்டாயைத் திணித்து, "போன்னு சொல்லுத்தா" என்பார்கள். அவளும் மிட்டாயைக் கடித்துக்கொண்டே "போ" என்பாள். எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நேராக வயலுக்குப் போவார்கள்.

மதுரைக் கல்லூரியில் படிக்கும்போது அவள் பளு தூக்கினாள். பிறகு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் படிப்பு படித்தாள். அங்கேதான் ஒருநாள் வகுப்பில் முதுகெலும்பின் மாதிரியைக் கையில் கொடுத்தார்கள். எலும்புக்கு எலும்பு நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு, அதன் ஓரத்தில் காலுக்கு இறங்கும் நரம்பு. வட்டு பிதுங்கினால் நரம்பு நசுங்கும் என்று ஆசிரியர் அழுத்திக் காட்டினார். மற்ற பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். கனகலட்சுமி குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். பிடிப்பு என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு அது வெறும் பிடிப்பு? அன்றிலிருந்து அவள் யார் முதுகிலும் ஏறவில்லை.

வில்லாபுரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இப்போது அவளுடைய ஜிம் இருக்கிறது. கம்பி, தட்டுகளோடு தண்ணீர்க் குடம், அரிசிச் சிப்பம், காலி கேஸ் சிலிண்டர் எல்லாம் வரிசையாக நிற்கும். வீட்டில் எதைத் தூக்குகிறார்களோ அதைத் தூக்கித்தான் பழக வேண்டும் என்பது அவள் கொள்கை. கீழே மில் ஓடினால் தரை அதிரும். கண்ணாடியில் மாவு படியும்.

"மேடம், இங்க வந்து ஒடம்பு எளச்சுச்சோ இல்லையோ, தலை நரைச்சுப் போச்சு" என்பாள், காலை வகுப்புக்கு வரும் சௌராஷ்டிரப் பெண் பத்மாசினி, தலையிலிருந்து கம்பு மாவைத் தட்டிக்கொண்டே. முட்டி வலியோடு வந்தவள். இப்போது சிலிண்டரை இடுப்போடு அணைத்துத் தூக்குகிறாள்.

கனகாவின் தம்பி அசோக்குமார் கபடி ஆடுகிறவன். பாடிப் போனால் தொடாமல் திரும்ப மாட்டான். அதைவிட அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவன் தொண்டை. அம்மாவைப் போல, நடுவரைப் போல, அக்காவைப் போலப் பேசிக் காட்டுவான். "முதுகு நேரா... மூச்ச விடுங்க... மூச்ச விடச் சொன்னேன், வாயடிக்கச் சொல்லல!" என்று அவன் கனகாவின் குரலில் சொல்லும்போது வகுப்பே அவளைப் பார்த்துச் சிரிக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் படியேறி வந்தபோது எந்தக் குரலும் இல்லை. மாயக்காள் பின்னால் வந்தாள். முந்தின வாரம் டிராக்டரில் வைக்கோல் கட்டு ஏற்றும்போது, திரும்பிய வாக்கில் வெடுக்கென்று தூக்கியிருக்கிறான். இடுப்பில் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு அரசுத் துறையின் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். தேறினால் வேலை. வயசு வரம்புக்கு அவனுக்கு இதுதான் கடைசி வருஷம்.

அவன் பாயில் குப்புறப் படுத்தான்.

"மிதிக்கா."

"எந்திரி. குதிகால்ல நட, பாப்போம்."

"நடந்துதான வந்தேன்?"

"நடடா."

நடந்தான். வலது பாதம் குதிகாலில் நின்றது. இடது பாதம் தூக்கித் தூக்கிப் பார்த்தும் தரையில் தட் தட் என்று விழுந்தது. கனகா அவன் இடது பெருவிரலில் தன் சுண்டு விரலை வைத்து, "மேல தூக்கு" என்றாள். சுண்டு விரலின் கனத்தை அந்த விரலால் தூக்க முடியவில்லை.

"எப்ப இருந்து இப்பிடி?"

"நேத்துக் காலையில இருந்து."

"ஒண்ணுக்குப் போறதுல செரமம் இருக்கா?"

"அதெல்லாம் இல்லக்கா. மிதி, சரியாயிரும்."

"இது சுளுக்கு இல்ல அசோக்கு. நரம்பு நசுங்குது. களத்துல நாலு பேரு மேல விழுந்தாய்ங்கன்னா கால் வெளங்காமப் போயிரும்டா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"திங்கக்கெழம வாரேன். ஞாயித்துக்கெழம ஆடிட்டு வாரேன். ஊசி போட்டுக்கிட்டு ஆடுறேன்" என்று அவன் மறுபடியும் குப்புறப் படுத்துக்கொண்டான்.

மாயக்காள் வெடித்தாள். "ஊரான் முதுகெல்லாம் மிதிச்ச காலு, கூடப் பொறந்தவனுக்குன்னா கூசுதோ? ஏண்டி, படிச்சா பாதம் தேஞ்சு போகுமா? அவன் பொழப்பு கனியுற நேரத்துல..."

"அவன் கால் போயிரும்த்தா."

"ஒன் கால வைடி, அவன் கால் வரும்!"

கீழே மில் நின்றது. தரை அதிர்வு அடங்கியது. கனகா அவனைப் பார்த்தாள். படித்ததைச் சொல்லியாயிற்று. நரம்பைச் சொல்லியாயிற்று. இரண்டுமே அவனுக்குள் இறங்கவில்லை. அவன் பாயில் முகம் புதைத்துக் கிடந்தது அந்தக் காலுக்காகத்தான். அதன் முறை முழுவதையும் நம்பித்தான் கிடந்தான்.

இத்தனை வருஷம் வாய் வலிக்க எதை இல்லை என்று சொன்னாளோ, அதையே இப்போது எடுக்க வேண்டியிருந்தது. அவள் செருப்பைக் கழற்றினாள். "அசையாத" என்றாள். மாயக்காள் கையெடுத்துக் கும்பிட்டாள். கனகா சுவரைப் பிடித்துக்கொண்டு உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலில் நிறுத்தினாள். வலது பாதத்தை இறக்கி அவன் இடுப்பில் வைத்தாள். வைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. சட்டைத் துணிக்கு மட்டும் தெரிகிற மாதிரி தொட்டாள். பிறகு காலை எடுத்துக்கொண்டாள்.

"மிதிச்சாச்சு. இனி நான் போன்னு சொல்ற வரைக்கும் பாரம் தொடக் கூடாது, களத்துல எறங்கக் கூடாது. இப்ப என்கூட ஆஸ்பத்திரிக்கு வார."

"ஞாயித்துக்கெழம?"

"நான் போன்னு சொல்லல."

மாயக்காளுக்கு அப்போதுதான் உறைத்தது. "அடியே! போன்னு சொல்லுடி! எப்பவும் ஒடனே சொல்லுவியே!"

"அப்ப வாயில மிட்டாய் இருந்துச்சுத்தா" என்றாள் கனகா. யாரும் சிரிக்கவில்லை.

அசோக்குமார் வெகுநேரம் எழவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கையை ஊன்றி, ஒருக்களித்து, மெல்ல எழுந்து அவளோடு படியிறங்கினான்.

ஸ்கேனில் வட்டு பெரிதாகப் பிதுங்கியிருந்தது. மேலே ஒரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆபரேஷன் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வார்டில் கூரையைப் பார்த்துக் கிடந்தான். அவனோடு ஆடிய ஒருத்தனுக்கு வேலை கிடைத்தது என்று மாயக்காள்தான் வந்து சொன்னாள். அதற்கப்புறம் பல மாதம் அவள் மகளிடம் சோறு போடும்போது மட்டும் பேசினாள்.

அசோக்குமார் ஜிம்மிலேயே தங்கிவிட்டான். முதலில் விளக்குமாற்றுக் கம்பைப் பிடித்து இடுப்பை மடக்கப் பழகினான். பிறகு கனகா பார்த்துக் கொடுத்த காலிக் குடம், அப்புறம் அரைக் குடம். களத்துக்கு மட்டும் அவள் இன்னும் 'போ' சொல்லவில்லை. கபடி ஆடின ஆளைக் காலிக் குடம் தூக்க வைத்தபோது அவன் குரல்கள் எதுவும் செய்து காட்டவில்லை. பத்மாசினி மட்டும், "தம்பி, நானெல்லாம் சிலிண்டர் பார்ட்டி. தள்ளிக்கங்க" என்று சீண்டிவிட்டுப் போவாள். பெருவிரல் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. முழுதாக எழும்பவில்லை.

அவன் நடந்ததும் ஊரில் வேறு கதை நடந்தது. மாயக்காளுக்குக் கோபம் மகள்மேல்தான், கால்மேல் இல்லை. "டாக்டரு கீறுனாரு, சரி. எம்மக கால் வைக்காம அவன் எந்திரிச்சிருப்பானா?" என்று அவள் பழையபடி பஸ்ஸில் சொல்ல ஆரம்பித்தாள். ஜிம் வாசலில் ஆள் நின்றார்கள். எதற்குப் பயந்து இத்தனை வருஷம் காலை மடக்கி வைத்திருந்தாளோ அது படியேறி வந்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் மாட்டேன் என்று சொல்லி அவளுக்கு அலுத்தது.

ஒரு காலை சிவனாண்டி என்ற சுமைதூக்குகிறவர் வந்தார். கேட்காமலேயே பாயில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"நான் மிதிக்கிறதில்லண்ணே."

"ஒங்க தம்பிக்கு மட்டும் மிதிச்சீகளே? ஏழைபாழைக்கு ஒரு காலு, சொந்தத்துக்கு ஒரு காலா?"

மூலையில் அரிசிச் சிப்பத்தை இறக்கி வைத்த அசோக்குமார் திரும்பினான்.

"எனக்கும் மிதிக்கலண்ணே."

"ஒங்க ஆத்தாதான் சொன்னாக."

"ஆத்தா தூரத்துல நின்னுச்சு. முதுகு என்னுது. கோழி றெக்க கனங்கூட இல்ல."

கனகா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "தெரிஞ்சும் ஏண்டா எந்திரிச்சுப் போகாம கெடந்த? போயி ஆடியிருக்கலாம்ல?"

அவன் தலைகுனிந்து சிப்பத்தின் முனையைச் சரிசெய்தான். "கால் வந்து படுறதுக்கு முன்னாடியே முதுகுல ரெண்டு சொட்டு விழுந்துச்சுக்கா. நீ அழுது நான் பாத்ததில்ல. அதான் பயந்துட்டேன்."

கண்ணாடியில் படிந்த மாவைத் துடைக்கிற சாக்கில் அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கிருந்தபடியே, "நாளைக்குக் களத்துக்குப் போ. ஆட வேணாம். பயலுகளுக்கு இடுப்ப மடக்கச் சொல்லிக் குடுத்துட்டு வா" என்றாள்.

அவன் சரி என்று தலையாட்டினான்.

"அண்ணே," என்று அவள் பாயின் அருகே வந்தாள். "எந்திரிங்க. மொதல்ல குதிகால்ல நடந்து காட்டுங்க."

சிவனாண்டி எழ மனமில்லாமல் எழுந்தார். "மிதிக்காட்டியும் சும்மா ஒரு சொட்டுக் கண்ணீராவது..." என்று இழுத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குதிகாலை ஊன்றி, கண்ணாடியை நோக்கி நடக்கத் தொடங்கினார். கனகா குனிந்து அவருடைய பாதங்களைப் பார்த்துக்கொண்டே கூட நடந்தாள்.