ஆரஞ்சாகிப் போன அரக்குப் புடவை

கல்யாண ஆல்பத்துக்கு நிறம் திருத்துகிறவனின் வேலை நன்றாக அமைந்தால் பாராட்டு புகைப்படக்காரருக்குப் போய்விடும். கெட்டுப்போனால் மட்டும் எல்லோருக்கும் நம் கடைக்கு வழி தெரிந்துவிடும். இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜன்னல். அதுதான் என் கடை. ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்கு எதிலும் சந்தேகம். வண்டியைப் பூட்டிவிட்டுப் பாதி மாடி ஏறி, பூட்டினேனா என்று இறங்கிப் போய்ப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவனிடம் ஒரு புதுப்பெண்ணின் நல்ல பெயர் வந்து மாட்டிக்கொண்டது.

திறக்க மாட்டேன் என்றது

ஸ்டீபன் கோவளத்துக்காரன். எனக்கு வருகிற வேலையில் பெரும்பங்கு அவன் எடுக்கிற கல்யாணங்கள்தான். போன தை மாதம் புதுக் கேமரா வாங்கினான். அதில் எடுத்த முதல் கல்யாணம் திருக்கழுக்குன்றத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெண் சுகன்யா, அணுமின் நிலைய ஊழியர்களுக்கான அணுபுரம் குடியிருப்பில் வளர்ந்தவள். மாப்பிள்ளை வீட்டாருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். நிலம் வைத்திருந்தவர்கள், இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்கள்.

கார்டைச் செருகினேன். திரை முழுக்க வெள்ளைக் கட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெருக்கல் குறி. கேமரா புதிது என்பதால் அதன் கோப்புகளைப் படிக்க என் எடிட்டிங் மென்பொருளுக்குத் தெரியவில்லை. மென்பொருளைப் புதுப்பிக்கலாம் என்றால், அதற்குக் கம்ப்யூட்டரையே முதலில் புதுப்பிக்க வேண்டும் என்றது. ஸ்டீபன் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு சொன்னான்:

"கேமரா புச்சு, லென்ஸு புச்சு, பொண்ணு மாப்பிள்ளயும் புச்சு. நீயும் இந்த டப்பாவும்தான் அண்ணாத்த பழசா கீறீங்க."

ஒன்றைத் தொட்டால்

கம்ப்யூட்டரைப் புதுப்பித்தேன். மென்பொருளைப் புதுப்பித்தேன். உடனே பிரிண்டர் முரண்டு பிடித்தது. அதைச் சமாதானப்படுத்தினால், ஆல்பத்தில் பெயர் போடுகிற தமிழ் எழுத்தெல்லாம் சதுரம் சதுரமாக மாறியிருந்தது. நடுவில் மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது, எங்கே விட்டது என்று எனக்கும் தெரியவில்லை, கம்ப்யூட்டருக்கும் தெரியவில்லை. இதையெல்லாம் அனுபவித்தவர்கள் இந்த இடத்தில் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மனைவி கலா சாப்பாடு கொண்டுவந்தபோது நான் கைகளைக் கட்டிக்கொண்டு திரையில் நகராத ஒரு நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சமையல்கட்டுல ஒரு பல்பு மாத்தச் சொன்னா வருஷக்கணக்கா யோசிக்கிறீங்க. இங்க ஒரே நாள்ல ஊரையே மாத்திட்டு உக்காந்திருக்கீங்க."

அரக்கா, ஆரஞ்சா

கடைசியில் படங்கள் திறந்தன. என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். கூர்மை என்றால் அப்படி ஒரு கூர்மை. மாலையில் ரோஜாவுக்கு நடுவே சுற்றியிருந்த சரிகை நூல் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் பெண்ணின் முகம் மஞ்சள் பூசிக் குளித்த கையோடு வந்ததைப் போல இருந்தது. புடவை ஆரஞ்சு. அது அரக்கு என்று ஸ்டீபன் முன்பே சொல்லியிருந்தான். "மேடை லைட்டு அப்டி, சூப்பரா கீது" என்று இப்போது அவனே அடித்துப் பேசினான். நான் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தபோதே மாப்பிள்ளை வீட்டுக்குச் சில படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டான்.

கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுப்பது. தாலி கட்டும்போது பெண் அதைத்தான் உடுத்தியிருக்க வேண்டும். அதை ஒதுக்கிவிட்டுத் தாய்வீட்டுப் புடவையில் உட்கார்ந்தால், போன வீட்டை முதல் நாளே மதிக்கவில்லை என்று அர்த்தம். மேடையில் அன்று கூட்டம். ஊதாவும் ரோஸுமாகக் கலந்து எரிந்த விளக்கில் யார் உடுத்தியது என்ன நிறம் என்று ஒருத்தருக்கும் நிச்சயமில்லை. படத்தைப் பார்த்த மாமியார் கஸ்தூரி அம்மா ஸ்டீபனுக்குப் போன் செய்தார். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"பீரோவுல அரக்குப் பொடவ மடிச்சி வச்சிக்கீது. போட்டோவுல வேற இன்னாவோ கலரு. அப்போ எம்புள்ள தாலி கட்ட சொல்ல இந்தப் பொண்ணு கட்டிகினு இருந்தது யாரு வாங்குன பொடவ? அத்த மட்டும் சொல்லுப்பா."

கண் மருத்துவர்

மறுநாள் சுகன்யாவே பேசினாள். அழவில்லை. "அங்கிள், நான் கட்டினது அவங்க குடுத்ததுதான். என் வீட்டுக்காரர் நம்புறார். ஆனா அத்தை ரெண்டு நாளா என்கூடப் பேசல" என்றாள். சரிசெய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். புடவையை மட்டும் தனியாகப் பிரித்து அரக்குச் சாயம் பூச எனக்குத் தெரியும். கொஞ்ச நேர வேலை. ஆனால் அப்படிப் பூசினால் அது சாட்சி இல்லை. வேறு புடவைக்கு அரக்கு பூசி மாமியாரை ஏமாற்றினேன் என்றே ஆகும். உள்ளபடி என்ன நிறம் இருந்ததோ அது தானாக வர வேண்டும்.

இன்னொரு பயமும் இருந்தது. வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும் என்று எங்கோ கேட்டிருக்கிறேன். ஒருவேளை படத்தில் குறையே இல்லாமல், கோளாறு என் கண்ணில் இருந்தால்? அப்படியென்றால் இத்தனை வருஷமாக எத்தனை பேரை எந்த நிறத்தில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தேன்? மாமியார் பார்த்ததும் ஆரஞ்சைத்தானே என்று அறிவு சொன்னது. பயம் அதைக் கேட்கவில்லை. நேராகக் கண் மருத்துவமனைக்குப் போனேன். இளம் வயது மருத்துவர். என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, சொட்டு மருந்து விட்டு, நிறப் புள்ளிகளுக்குள் எண்களைப் படிக்க வைத்துப் பரிசோதித்தார்.

"உங்க வயசுக்கு உங்க கண்ணு ரொம்ப நல்லா இருக்கு சார், கலரும் சரியாத் தெரியுது. என் கல்யாண ஆல்பத்துல நான் ஏன் பச்சையா இருக்கேன்னுதான் இன்னைக்கு வரைக்கும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

நந்தி

கண் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தும் வேலை நகரவில்லை. இதற்கு நடுவில் மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் சண்முகத்தின் வேலை ஒன்று காத்திருந்தது. கருங்கல்லில் ஒரு நந்தி செதுக்கியிருந்தார். வாங்குகிறவருக்குக் காட்ட ஸ்டீபன் அதே புதுக் கேமராவில் படம் எடுத்திருந்தான். கல்லை நேரில் பார்க்காமலே பிரிண்ட் போட்டு, நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உளிச் சத்தத்துக்கு நடுவே, முகமெல்லாம் கல்தூசியாக வந்தார். படத்தை வாங்கி நந்தியின் திமிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி நந்தியைப் பார்த்தார்.

"நான் கருங்கல்லுல செஞ்சேன் சார். நீங்க செம்மண்ணுல செஞ்சி எடுத்தாந்துருக்கீங்க."

கூடவே வந்தது

அவமானப்பட்டிருக்க வேண்டும். நானோ கடற்கரைச் சாலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரும்பினேன். கருங்கல்லுக்கு மாமியார் கிடையாது, மேடை விளக்கு கிடையாது. பகல் வெளிச்சத்தில் எடுத்த கல் செம்மண்ணாகிறது என்றால், குற்றவாளி என் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்க வேண்டும். கடைக்கு வந்ததும் நந்தியின் மேல் கர்சரை வைத்தேன். கருப்போ சாம்பலோ என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களும் ஏறக்குறைய சமமாக இருக்கும். இங்கே, எங்கே வைத்தாலும் சிவப்பு தூக்கி நின்றது.

பிறகு பிடிபட்டது. ஸ்டீபனின் பழைய கேமராவில் முகங்கள் கொஞ்சம் பச்சையடித்து வரும். அதைச் சமன் செய்ய, படம் திறக்கும்போதே தானாகச் சிவப்பு ஏற்றும்படி ஓர் அமைப்பை நானே செய்து வைத்திருந்தேன். மென்பொருளைப் புதுப்பித்தபோது, வீடு மாறுகையில் பழைய வீட்டுக் கரப்பான்பூச்சி அட்டைப்பெட்டியில் கூடவே வருமே, அதுபோல அதுவும் வந்துவிட்டது. கேமரா பதிவு செய்ததை எந்த நிறமாகக் காட்டுவது என்று மென்பொருளுக்குச் சொல்வதுதான் கலர் புரொஃபைல். புதுக் கேமராவுக்கான புரொஃபைல் பச்சை அடிப்பதே இல்லை. அதன் தலையில் என் சிவப்பும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதை நீக்கினேன். நந்தி கருங்கல்லாக எழுந்து உட்கார்ந்தது. ஸ்டீபனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"செகப்ப நீயே ஏத்தி வச்சிகினு, இத்தினி நாளு என் கேமராவ மொறச்சிகினு கெடந்தியா அண்ணாத்த?"

மேடையில் இருவர்

கல் சரியானது. புடவை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. ஆரஞ்சிலிருந்து செங்கல் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. மிச்சக் குற்றம் மண்டபத்து விளக்குகளுடையது. அந்த விளக்குகளுக்கென்றே ஒரு புரொஃபைல் செய்தால்தான் தீரும். அதற்கு, பல நிறக் கட்டங்கள் அச்சிட்ட அட்டையை அதே மேடையில், அதே வெளிச்சத்தில், அதே கேமராவில் படம் எடுக்க வேண்டும். அட்டையின் ஒவ்வொரு கட்டமும் உண்மையில் என்ன நிறம் என்பது மென்பொருளுக்குத் தெரியும். படத்தில் எது எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அது தானே திருத்தத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

முகூர்த்தம் இல்லாத ஒரு நாளில் மண்டபத்துக்குப் போனோம். எல்லா விளக்கையும் போடச் சொல்லிவிட்டு, பெண் உட்கார்ந்த இடத்தில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நெஞ்சுக்கு நேரே அட்டை. "நிமிந்து பாரு, கொஞ்சம் சிரி" என்று ஸ்டீபன் வேண்டுமென்றே அதட்டினான். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் இப்படி உட்கார்ந்திருப்பது சரிதானா என்று யோசித்துக்கொண்டே சிரித்தேன். காவலாளி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த முழு நேரமும் நின்று பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டு பேருமே மாப்பிள்ளயாட்டம் கீறீங்க. பொண்ணு எப்ப வரும்?"

ஜன்னலோரம்

புதுப் புரொஃபைலைக் கல்யாணப் படங்களின் மேல் போட்டேன். விரலை எடுப்பதற்குள் புடவை அரக்கானது. எதையும் பூசவில்லை, பிரிக்கவில்லை. கூடவே சுகன்யாவின் முகமும் மாறியது. நல்ல கருப்பு, நெற்றியில் ஒரு பளபளப்பு, கன்னத்தில் விளக்கின் வெளிச்சம் எண்ணெய் தடவியதுபோல விழுந்திருந்தது. முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள் என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். வழக்கம்போல இதற்கும் கை அந்தப் பக்கம் போனது. எடுத்துவிட்டேன். உள்ளதை உள்ளபடி காட்டுவது என்று தீர்மானித்துவிட்டு முகத்தில் மட்டும் ஏமாற்றுவதா என்று தோன்றியது.

புடவையோடு வரச் சொன்னதும், கஸ்தூரி அம்மா அதை ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு, மகனும் மருமகளும் பின்னால் வர, மாடி ஏறி வந்தார். புடவையை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் விரித்தேன். பக்கத்தில் திரை, அதனருகே ஸ்டீபன். தாலி கட்டுகிற படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கரையை இன்னும் பெரிதாக்கச் சொன்னார். கரையில் நெய்திருந்த அன்னத்துக்கு மேல் இருந்த இரட்டைச் சரிகைக் கோட்டைத் திரையிலும் பார்த்தார், துணியிலும் பார்த்தார். அதே அரக்கு, ஒரு மாற்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "எங்க பொடவதான்" என்றார். மகன் மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

முதலில் அனுப்பிய படத்தில் நிறம் பிசகியது என் கம்ப்யூட்டரின் தவறு என்று சொன்னேன். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. மருமகள் பக்கம் திரும்பி, "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, நம்ம பொடவ எங்க போயிடப் போவுதுன்னு. நீதான் பயந்துகினு சோறு துன்னாம கெடந்த" என்றார். ஸ்டீபன் சட்டென்று ஜன்னல் வழியே பஸ் நிலையத்தைப் பார்க்க ஆரம்பித்தான். சுகன்யா புடவையை மடிப்புக் கலையாமல் மடித்து மாமியார் கையில் கொடுத்தாள். அவர்கள் படியிறங்கத் தொடங்கியதும், செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கி நின்று என்னிடம் சொன்னாள்:

"அங்கிள், ஆல்பத்துக்கு மேலட்டையில இந்தப் படத்தையே போடுங்க. மொகமும் பொடவையும் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும், பெருசா."

மென்பொருளுக்கு அடுத்த அப்டேட் வந்துவிட்டதென்று திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அழுத்தத்தான் தைரியம் வரவில்லையே தவிர, அது சிவப்புதான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.