மூடியின் மேல் ஒரு பட்டியல்

ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளான் பாசாரில் அன்னாசி வாங்கிக்கொண்டிருந்தபோது அலுவலகக் குழுவில் செய்தி வந்தது. எங்களோடு வேலை செய்யும் ஸைத்தூன் மலாயில் ஒரே வரி எழுதியிருந்தார். அல்போன்ஸ் அங்கிள் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். பழக்காரர் தோலைச் சீவிவிட்டு, "கண்ணு எடுக்கணுமாக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். "எடுங்க" என்றேன். அவர் ஒவ்வொரு கண்ணாக எடுத்து முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.

அல்போன்ஸ் அண்ணன் பணி ஓய்வு பெற இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. அந்த நாளுக்காக நான் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அதைச் சொல்வதற்கு முன், அவரை அறியாதவர்களுக்காக அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர். தந்தை ரயில்வேயில் இருந்தவர். ஞாயிறு பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கக் குடும்பம். கிள்ளானில் உள்ள எங்கள் கப்பல் சரக்கு அலுவலகத்தில் லோரிகள் எப்போது போய் எப்போது திரும்ப வேண்டும் என்பதைப் பார்த்துக்கொண்டவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் பத்திரங்கள் தயாரிக்கும் பிரிவில் சேர்ந்தபோது, எனக்கு எதிர் மேசை அவருடையது. நாள்தோறும் கொமுட்டர் ரயிலில் வருவார். கிள்ளானில் இருப்பவர்கள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள், நீங்கள் ஏன் எதிர்ப்பக்கம் வருகிறீர்கள் என்று முதல் வாரத்தில் கேட்டேன். "எப்பவும் சீட் கெடைக்கும்லா" என்றார்.

அவர் பொய் சொல்லமாட்டார். பிறர் பொய் சொன்னாலும் கோபப்படமாட்டார். ஒருமுறை ஓட்டுநர் ஒருவர் தொலைபேசியில், பூச்சோங்கில் நெரிசலில் மாட்டிக்கொண்டேன் என்று அழாத குறையாகச் சொன்னார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்கண்ணே. நெரிசல்ல உங்க பக்கத்துல யாரோ தோசை ஊத்துறாங்க, சத்தம் கேக்குது. சாப்ட்டுட்டே கெளம்புங்க" என்றார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இனிப்பு என்றால் அவருக்கு உயிர். ஐம்பத்து நான்காம் வயதில் இதயக் குழாயில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்தார்கள். வெண்ணெய், சீனி, கேக் எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார் மருத்துவர். அவர் குறைக்கவில்லை, மாற்றிக்கொண்டார். சமையலறைப் பக்கமே போகாதவர், வீட்டு ஓவனில் பழங்களை வைத்துச் சுட ஆரம்பித்தார். அடியில் பழம், மேலே தேங்காய் எண்ணெயில் பிசிறிய ஓட்ஸ், இனிப்புக்குப் பேரீச்சம்பழம். கிரம்பிள் என்று அதற்குப் பெயர். சூடாகச் சாப்பிட்டால் வெண்ணெய் இல்லாதது தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு தட்டு அலுவலகத்துக்கு வரும்.

"அண்ணே, நீங்க சமைச்சா வீட்ல ரோஸ்லின் அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்டேன்.

"அவ சாப்பிடறா. பெரிய வேலைலா அது."

இனி, எங்களுக்குள் மனக்கசப்பு வந்த அந்த டிசம்பர்.

அந்த ஆண்டு என் தம்பி லோரி மோதி, மூன்று வாரங்கள் நினைவில்லாமல் கிடந்தான். அவன் கண் விழித்தால் தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள் விரதம். மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது. அவன் விழித்துவிட்டான். ஆனால் காலில் இன்னும் ஒரு அறுவை சிகிச்சை ஜனவரியில் பாக்கி இருந்தது. ஆகவே அந்த விரதத்தில் பாதி நன்றி, பாதி பயம்.

விரதத்தின் ஐந்தாவது நாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் கடைசி வேலை நாள். அண்ணன் ஆப்பிள் கிரம்பிள் கொண்டுவந்தார். நான் தயங்கியதைப் பார்த்து, "முட்ட இல்ல, நெய் இல்ல, எதுவும் இல்ல. நானே செஞ்சது. நம்பி சாப்பிடும்மா" என்றார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

விடுமுறை முடிந்து வந்த முதல் நாள் காலையில், பையைக்கூட இறக்கி வைக்காமல் என் மேசைக்கு முன் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"மாலதி, ஒன்னு சொல்லணும். அன்னிக்கு மேல போடற ஓட்ஸ் பத்தல. ரோஸ்லின் கிறிஸ்மஸ்க்கு பிஸ்கட் செஞ்சு வச்சிருந்தா. ஒடஞ்சதெல்லாம் ஒரு டப்பால கெடந்துச்சு. அத பொடிச்சு கலந்துட்டேன். நேத்து அவ திரும்பவும் பிஸ்கட் போட ஒக்காந்தா. என் கண்ணு முன்னால முட்டய ஒடைக்கறா. அப்பத்தான் எனக்கு..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

கிறிஸ்துமஸ் பலகாரமும் தைப்பூச விரதமும் ஒரே மாதத்தில் வரும் ஊர் எங்கள் ஊர். இரண்டு வீட்டு டப்பாக்களும் ஒரே மேசையில் திறக்கப்படும் அலுவலகம் எங்களுடையது. இப்படி ஒரு தவறு நடப்பதில் வியப்பொன்றும் இல்லை என்று இன்று எழுத முடிகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினால் தைப்பூசம் தாண்டிவிடும். நான் சொன்னது இதுதான்: "இனிமே உங்க கையால நான் எதுவும் சாப்பிடமாட்டேன்." அவர் தலையசைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

கோயில் ஐயரிடம் கேட்டேன். தெரியாமல் நடந்தது, தலைக்குக் குளித்து விளக்கேற்றித் தொடருங்கள் என்றார். தொடர்ந்தேன். பால்குடமும் எடுத்தேன். ஆனால் இடையில், ஜனவரியில் தம்பிக்கு அறுவை முடிந்ததும் புண்ணில் சீழ் வைத்து, கூடுதலாக இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தான். இப்படிச் சிலருக்கு ஆவதுண்டு என்றார் மருத்துவர். நான் படித்தவள், அது எனக்கும் புரிந்தது. புரிந்த பிறகும், அவன் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அந்த ஆப்பிளின் ருசி நாக்கில் வந்தது. தம்பி இன்று நன்றாக நடக்கிறான். அண்ணன் மீது எனக்கிருந்த கோபம்தான் அவன் காலைவிட மெதுவாக ஆறியது.

யாரும் பார்க்காத பிழை அது. சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. தெரியாமலே மலையேறி, நிறைவாக இறங்கியிருப்பேன். சொல்லிவிட்டாரே என்றுதான் நான் அதிகம் கோபப்பட்டேன் என்பது வெகுநாள் கழித்தே எனக்கு விளங்கியது.

தைப்பூசம் முடிந்து சில வாரங்களில் வெள்ளிக்கிழமைத் தட்டு மறுபடி வந்தது. இம்முறை மூடியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே ஆங்கிலத்தில், கீழே தமிழில், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளின் பெயரும். அன்னாசி, வாழைப்பழம், ஓட்ஸ், நிலக்கடலை, தேங்காய் எண்ணெய், பேரீச்சம்பழம், பட்டை, உப்பு. அதன் கீழே ஒரு கோடு போட்டு: முட்டை இல்லை, பால் இல்லை, பிஸ்கட் இல்லை. முஸ்லிமான ஸைத்தூன் முதல் தாளைப் படித்துவிட்டு, முன்பெல்லாம் போட்ட வெனிலா எசென்ஸில் மதுசாரம் இருந்ததா என்று கேட்டார். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுத்த வாரம் பட்டியலில் 'வெனிலா இல்லை, வாசனைக்குப் பாண்டான் இலை உண்டு' என்று ஒரு வரி கூடியிருந்தது.

எல்லாரும் சாப்பிட்டார்கள். நான் படித்துவிட்டு மூடியைத் திருப்பி வைத்தேன். ஏறக்குறைய ஓராண்டு இப்படியே போயிற்று. அவர் என்னை வற்புறுத்தியதே இல்லை.

ஒருநாள் அவரே கேட்டார். "மாலதி, என் கையாலதானே சாப்பிடமாட்ட? உன் கையால செய். சனிக்கிழம வீட்டுக்கு வா. நான் தொடமாட்டேன், வாயால மட்டும் சொல்றேன்."

போனேன். பிரிக்ஃபீல்ட்ஸில் நான்காம் மாடி வீடு. குறுகலான சமையலறை. அண்ணன் ஒரு நாற்காலியைக் கதவோரம் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்துகொண்டார். நான் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி, பின்னால் இருப்பதைப் படித்தேன்.

"இம்மிகிரேஷன் ஆபீசர் வந்துருக்காங்க" என்றார் ரோஸ்லின் அக்கா, அண்ணனின் மனைவி. "ஏங்க, உங்க பாஸ்போர்ட்ட காட்டுங்க."

முதலில் பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து அரைத்தேன். அன்னாசியைச் சின்னச் சின்னதாக நறுக்கினேன். "இன்னும் சின்னதா. பெருசா இருந்தா தண்ணி விட்டுக்கிட்டே இருக்கும்" என்றார். அன்னாசியை வாணலியில் போட்டு, முடிச்சுப் போட்ட பாண்டான் இலையோடு தண்ணீர் சுண்டும்வரை வதக்கி, இலையை எடுத்துவிட்டு, கனிந்த வாழைப்பழம் இரண்டைப் பிசைந்து சேர்த்தேன். ஓட்ஸில் பாதியைப் பொடித்து, பாதியை அப்படியே விட்டு, வறுத்த கடலையை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, பட்டைப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு, பேரீச்சை விழுது, தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசிறினேன்.

"அழுத்தாத, அழுத்தாத. ரொட்டி மாவு இல்ல அது. விரல் நுனியால."

அவர் கை ஒன்று தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. ரோஸ்லின் அக்கா அதைப் பிடித்து மறுபடி உள்ளே தள்ளினார்.

பழத்தின் மேல் அதைத் தூவி, நூற்றெண்பது டிகிரி ஓவனில் நாற்பது நிமிடம். ஓரங்களில் பழச்சாறு கொதித்து மேலே வந்ததும் எடுத்தேன். அண்ணன் ஒரு தாளும் பேனாவும் நீட்டினார். "செஞ்சவங்கதான் எழுதணும்." பொருள்களை வரிசையாக எழுதினேன். கடைசியில் விளையாட்டாக ஒரு வரி சேர்த்தேன். செய்த கை: மாலதி.

அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். ஒரு கிண்ணம் சாப்பிட்டார். "உப்பு ஒரு கல்லு கூட. அதனாலதான் நல்லா இருக்கு" என்றார்.

அன்றோடு எங்களுக்குள் பேச்சு பழையபடி ஆனது. ஆனாலும் அவர் செய்ததை நான் சாப்பிடவில்லை. கோபம் இல்லை. சொன்ன சொல் ஒன்று இருந்தது, அது நாளடைவில் எங்களுக்குள் ஒரு கேலியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தட்டை என் மேசையில் வைத்து, "உனக்கு இல்ல, பாக்கறதுக்கு" என்பார். நான் என் வீட்டில் செய்ததைக் கொண்டுபோய் அவருக்குக் கொடுப்பேன். அவர் மட்டும் சாப்பிடுவார். இந்த ஆண்டு அவருடைய ஓய்வு நாள் முடிவானதும் நான் சொன்னேன்: "அண்ணே, உங்க கடைசி நாள் அன்னிக்கு சாப்பிடறேன். சத்தியமா."

"எழுதிக் குடு" என்றார். மஞ்சள் தாளில் எழுதிக் கொடுத்தேன். தன் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாலை செபத்துக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை அன்னாசியில் செய்த தட்டை எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். வந்தவர்கள் போன பிறகு ரோஸ்லின் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அதே கதவோர நாற்காலி அங்கே இருந்தது. அவர் அதில் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. இனி யாரு கோவிச்சுக்கப் போறா" என்று ஆரம்பித்தார். "உன் வெரதம் கெட்ட அந்த வருஷம், உன்கிட்ட சொல்லிட்டு வந்த அன்னிலேர்ந்து இவரு கறி, மீனு, முட்ட எதையும் தொடல. என்னங்கன்னு கேட்டா, 'அந்தப் புள்ளைக்கு திரும்ப எண்ண நாள் இல்ல ரோஸ். எனக்கு இருக்கு'ன்னாரு. காலண்டர்ல கோடு போட்டு நாப்பத்தெட்டு நாளும் எண்ணுனாரு. உங்க தைப்பூசம் முடிஞ்சும் நிறுத்தல. நாப்பத்தெட்டும் முடிஞ்சு பத்து நாளு நல்லா கறி கேட்டாரு. அப்பறம் ஈஸ்டருக்கு முன்னால வர்ற எங்க தவக்காலம் வந்துருச்சு, மறுபடி கறி இல்ல." அவர் கொஞ்சம் சிரித்தார். "அந்த வருஷம் எனக்குத்தான் சமையல் மிச்சம்."

அந்த நாட்களில் எதிர் மேசையில் அவர் என்ன சாப்பிட்டார் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்த நாட்கள் அவை.

ரோஸ்லின் அக்கா குளிர்பெட்டியின் மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். "சனிக்கிழம சாயந்தரம் செஞ்சாரு. ரிட்டையர்மென்ட்டுக்கு முன்னால ஒத்திகையாம். நீ இத்தன வருஷம் கழிச்சு மொத தடவை சாப்பிடறப்போ நல்லா இல்லேன்னா மானம் போயிடும்னாரு."

மூடியில் தாள் ஒட்டியிருந்தது. மேலே ஆங்கிலம், கீழே தமிழ். அன்னாசி, வாழைப்பழம், ஓட்ஸ், நிலக்கடலை, தேங்காய் எண்ணெய், பேரீச்சம்பழம், பட்டை, பாண்டான் இலை, உப்பு ஒரு கல் கூட. முட்டை இல்லை, பால் இல்லை, பிஸ்கட் இல்லை. கடைசி வரி: செய்த கை: அல்போன்ஸ்.

ஓவனில் வைத்துச் சூடாக்கினோம். ஓரங்களில் சாறு கொதித்தது. நடுவில் கொஞ்சம் குளிர்ந்தே இருந்தது. நான் நின்றுகொண்டே, டப்பா காலியாகும் வரை சாப்பிட்டேன்.

நன்றாக இருந்தது, அண்ணே. போய் வாருங்கள்.